சிறுகோளின் எடையை அதன் நிலாவை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

பூமிக்குப் பக்கமாக வந்துபோகும், 200 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுக்குச் சொந்தமாக ஒரு குட்டி நிலா உண்டு. அந்த நிலா நமக்குப் பெரிய வரம், ஏனென்றால் சிறுகோளின் எடையை இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம்.

முதலில் படம். 2004 பிஎல்86 என்ற சிறுகோளின் ரேடார் படங்களை நாசாவின் ஜேபிஎல் (ஜெட் உந்துவிசை ஆய்வகம்) தளத்தில் தேடுங்கள். 2015 ஜனவரி 26 அன்று அது சுமார் 12 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நம்மைக் கடந்தபோது கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் இருக்கும் 70 மீட்டர் ஆன்டெனா எடுத்தவை, 20 படங்களைக் கோத்த வீடியோவாகவே கிடைக்கும்.

அடுத்து, படத்தைப் படிக்கும் முறை. இது ஃபோட்டோ இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக இருப்பது, ரேடியோ அலை போய்ப் பட்டுத் திரும்பிவர எடுத்த நேரம் (இந்தத் தூரத்துக்குச் சுமார் 8 விநாடி), ஆகவே மேல் விளிம்புதான் நமக்குக் கிட்டே இருக்கும் பக்கம். இடமிருந்து வலமாக இருப்பதோ டாப்ளர் மாற்றம், அதாவது திரும்பிவரும் அலையின் அலைவரிசை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது; அதை வைத்து அந்த இடம் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று தெரியும். அதனால் அகலத்தை அப்படியே மீட்டராகக் கணக்கிடாதீர்கள், வேகமாகச் சுழலும் பொருள் அகலமாகத்தான் தெரியும்.

சரி, நிலா எங்கே? பெரிய மங்கலான உருவத்துக்குப் பக்கத்தில் ஒல்லியாக, பளிச்சென்று ஒரு கீற்று நகர்கிறதே, அதுதான். பெரியது சுமார் 325 மீட்டர், இது வெறும் 70 மீட்டர்தான், ஆனாலும் மெதுவாகச் சுழல்வதால் அதன் எதிரொலி முழுக்கச் சில அலைவரிசைகளுக்குள்ளேயே குவிந்து பிரகாசமாகிவிடுகிறது.

அப்புறம் கணக்கு. இதற்கு 1999 கேடபிள்யூ4 என்ற இன்னொரு சிறுகோள் நல்ல உதாரணம். 2001 மே மாதம் கோல்ட்ஸ்டோனும் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடாரும் பல நாட்கள் பார்த்ததில், அதன் நிலா 2.54 கிலோமீட்டர் தள்ளி 17.4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று தெரிந்தது. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, தூரத்தை மீட்டரிலும் நேரத்தை விநாடியிலும் வைத்து,

எடை = 4 × பை² × தூரம்³ ÷ (ஈர்ப்பு மாறிலி × நேரம்²)

என்று போடுங்கள். ஈர்ப்பு மாறிலி 6.67 × 10⁻¹¹. விடை சுமார் 2.5 லட்சம் கோடி கிலோ வரும், இது இரண்டின் மொத்த எடை. பெரியதன் குறுக்களவு ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் என்பதால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2 கிராம்தான். அது ஆன பாறைக்கு இது ரொம்பக் குறைவு, அப்படியென்றால் உள்ளே கிட்டத்தட்டப் பாதி வெற்றிடம்! ஒரே கல் இல்லை, ஈர்ப்பு இழுத்து வைத்திருக்கும் கற்குவியல்.

கை பழகியதும் 2017 செப்டம்பரில் எடுத்த ஃப்ளோரன்ஸ் என்ற சிறுகோளின் படங்களைத் திறந்து பாருங்கள், அதற்கு இரண்டு நிலாக்கள்.