மூன்று விநாடிக்கு ஒரு 'டிக்'

உவர்மலை வீட்டில் இரவிரவாக ஒரு என்.ஈ.எஸ் எமுலேட்டர் எழுதினேன். நின்டெண்டோவின் பழைய கேம் கன்சோலைப் போலவே கணினியை இயங்க வைக்கும் நிரல் அது. அதில் படம் அழகாக ஓடியது. ஒலிதான் படுத்தியது. மூன்று விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்றது. பாஸ், அதாவது இசையின் கீழ்ச் சத்தம், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. வயலின் படிக்கும் தங்கச்சி ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். "அண்ணா, கீழ்ச் சத்தம் ஒரு ஸ்தாயி இறங்கிக் கிடக்கு."

அவள் சொன்னது அப்படியே சரி. இந்தக் கன்சோலில் பெரும்பாலும் மெட்டைச் சதுர அலைகளும் பாஸை முக்கோண அலையும் வாசிக்கும். ஒவ்வொன்றின் சுருதியும் ஒரு டைமர் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பொறுத்தது. சதுர அலைகளின் டைமர் சிபியூவின் (மையச் செயலியின்) இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை குறையும். முக்கோண அலையின் டைமர் ஒவ்வொரு சுழற்சிக்கும் குறையும். நான் எல்லாவற்றையும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை என்றே ஓட்டியிருந்தேன். ஒரு வரியை இடம் மாற்றியதும் பாஸ் மேலே வந்தது.

'டிக்' அவ்வளவு லேசில் போகவில்லை. என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) கன்சோலின் சிபியூ விநாடிக்கு 1,789,773 சுழற்சி ஓடும். கணினியின் ஒலிக்கோ விநாடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலி அளவின் சிறு பதிவுகள், வேண்டும். அதை இதால் வகுத்தால் ஒரு மாதிரிக்கு 40.58 சுழற்சி. நான் முழு எண்ணாக 40 என்று வைத்திருந்தேன். அதனால் விநாடிக்கு 644 மாதிரிகள் மிச்சம்! மாதிரிகள் காத்திருக்கும் என் 2,048 இட பஃபர் மூன்று விநாடியில் நிரம்பி, மொத்தமாகக் கொட்டுப்பட்டது. அதுதான் அந்த 'டிக்'.

தசம எண்ணே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு கணக்கியில் 44,100 கூட்டு. 1,789,773 ஐ எட்டினால் அதைக் கழித்து, ஒரு மாதிரி எடு. மிச்சம் அடுத்த மாதிரிக்குப் போகும், பிழை சேராது. இந்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அப்புறம் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு 'டிக்' கூட இல்லை.