கண்ணைப் பெரிதாக்கினால் அனிமே ஆகிவிடுமா? கேரக்டர் வரையப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று மும்பையில் நம்மவர்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் இப்போது நிறையப் பிள்ளைகள் "அனிமேஷன்தான் படிப்பேன்" என்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. வார இறுதிகளில் அப்படிச் சிலருக்கு வரையக் கற்றுத்தருகிறேன். அவர்கள் கொண்டுவரும் நோட்டுகளில் உழைப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் எந்த நோட்டைத் திறந்தாலும் ஒரே ஆள்தான் எதிரே நிற்கிறான். முகம் முக்கால்வாசி திரும்பி இடது பக்கம் பார்க்கிறது, ஒரு கண்ணை முடி மறைக்கிறது, இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கின்றன. அடுத்த பக்கத்தில் "டிஸ்னி ஸ்டைல்" என்று எழுதியிருக்கும். அங்கேயும் அதே ஆள்தான், இமை முடி மட்டும் கொஞ்சம் நீளம்.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. ஒரு ஸ்டைலை எங்கிருந்து பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராததுதான்.

மேல்தோலை மட்டும் எடுத்துக்கொள்வது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். ஸ்டைல் என்றால் கண் எவ்வளவு பெரிது, கோடு எவ்வளவு தடிமன் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு அனிமேஷன் ஸ்டைலும் ஏதோ ஒரு நெருக்கடியில் பிறந்தது. எத்தனை படம் வரைய வேண்டும், எவ்வளவு பணம் இருக்கிறது, எந்தப் பொருளில் வரைகிறார்கள் என்பவைதான் அந்த முகத்தைச் செதுக்கின.

1920களின் அமெரிக்கக் கார்ட்டூன்களில் கைகால்கள் தண்ணீர்க் குழாய் மாதிரி வளையும். ரப்பர் ஹோஸ் என்று அந்த ஸ்டைலுக்குப் பெயர். ஒரு சின்னப் படத்துக்கே ஆயிரக்கணக்கான ஓவியங்கள் தேவைப்பட்ட காலம் அது. மூட்டு எங்கே மடங்கும் என்று ஒவ்வொரு ஓவியத்திலும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, குழாயாக வளைத்துவிட்டால் வேலை ஓடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை வந்தால் கை காணாமல் போய்விடும் என்பதால் வெள்ளைக் கையுறை வந்தது. ஒரு விரலைக் குறைத்தது வேலையையும் குறைத்தது, கையும் தெளிவாகத் தெரிந்தது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் குழாய்க் கையில் முழங்கை எலும்பையும் தசை நிழலையும் வரைய மாட்டார். தெரியாதவர்கள் வரைகிறார்கள், அப்புறம் "ஏதோ சரியில்லையே" என்று அழிக்கிறார்கள்.

டிஸ்னி கதை வேறு. முழுநீளப் படம் எடுக்கும் கனவில் இருந்த அந்த ஸ்டுடியோ, 1932 முதல் டான் கிரஹாம் என்ற ஆசிரியரை வைத்துத் தன் ஓவியர்களுக்கு உயிருள்ள மனிதர்களைப் பார்த்து வரையப் பயிற்சி கொடுத்தது. 1937இல் வந்த அவர்களுடைய முதல் முழுநீளப் படத்தில் அந்த உழைப்பு தெரிகிறது. அந்த ஸ்டைலின் உயிர் கன அளவில் இருக்கிறது. கன்னம் நசுங்கினால் பக்கவாட்டில் பிதுங்க வேண்டும், உடம்பு நீண்டால் மெலிய வேண்டும், மொத்தச் சதை கூடவும் கூடாது குறையவும் கூடாது. இதை விட்டுவிட்டு இமை முடியை மட்டும் நீட்டினால் பொம்மைக் கடை முகம்தான் வரும்.

1950இல் யுபிஏ என்ற ஸ்டுடியோ எடுத்த 'ஜெரால்ட் மெக்போயிங்போயிங்' இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. கன அளவையே தூக்கிப் போட்டுவிட்டு, தட்டையான வடிவங்களும் வண்ணமும் மட்டும் போதும் என்றது. தொலைக்காட்சி வந்து பணமும் நேரமும் சுருங்கியபோது ஹன்னா பார்பரா ஸ்டுடியோவில் இன்னொரு வழி கண்டார்கள். 1958இல் வந்த யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் ஏன் இருக்கின்றன தெரியுமா? உடம்பை ஒரே ஓவியமாக அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் தனியாக அசைக்கலாம், ஒட்டும் இடத்தைக் காலர் மறைத்துவிடும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து எந்தக் கார்ட்டூனைப் பார்த்தாலும் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஜப்பானில் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963இல் வாராவாரம் டிவியில் வரத் தொடங்கியது. திரையில் நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடும். ஒரு ஓவியத்தையே மூன்று பிரேம்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 8 ஓவியம் போதும். பல இடங்களில் உடம்பு அப்படியே நிற்க, வாயும் கண்ணும் முடியும் மட்டும் அசையும். அப்படிப்பட்ட காட்சியில் உணர்ச்சியைச் சுமக்கும் பாரம் கண்ணின் மேல் விழுகிறது. ஜப்பானிய அனிமேஷனான அனிமேயில் நிழல் கத்தியால் வெட்டியது போல நிற்பதற்கும் காரணம் உண்டு. கணினி வருவதற்கு முன் செல் என்ற ஒளி ஊடுருவும் தாளின் பின்பக்கம் ஒரே நிறத்தைத் தட்டையாகப் பூசுவார்கள், நிழலுக்குக் கொஞ்சம் இருண்ட இன்னொரு நிறம், நடுவில் தெளிவான எல்லைக் கோடு. ஆகவே அனிமே முகத்தில் பென்சில் தூளை விரலால் தேய்த்துக் குழைப்பது அந்த ஸ்டைலோடு ஒட்டவே ஒட்டாது. என் வகுப்பில் அடிக்கடி நான் தடுக்கும் விஷயம் இது.

இந்தக் கதையில் மும்பைக்கும் இடம் உண்டு. 1956இல் அரசின் படத் தயாரிப்பு நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் இங்கே வந்து நம் ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர் பெற்ற ராம் மோகன் அந்தப் பிரிவில் சேர்ந்து தொழில் கற்றவர்தான்.

பூக்கார அம்மாவை நான்கு விதமாக

பேசிக்கொண்டே போவதை விட ஒரு ஆளை எடுத்து வரைந்து பார்ப்போம். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, கோயில்களுக்குப் போகும் வழியில் நம்ம ஊர் பூக்கார அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக் கொடுக்கிறார். இதை வரையுங்கள்.

ரப்பர் ஹோஸில் வரைய உட்கார்ந்தால் உடனே ஒரு சிக்கல் வருகிறது. முழம் என்பதே முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான், இந்தக் கைக்கு முழங்கையே கிடையாது. அப்போது என்ன செய்வது? கையையே நீளவிடலாம். சரமும் கையும் ஒரே வளைவாக ஓடட்டும். கை எவ்வளவு நீள்கிறதோ அதுதான் முழம். ஸ்டைல் தடுக்கும் இடத்தில் புது யோசனை பிறக்கிறது, அதனால்தான் இந்தப் பயிற்சி எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

டிஸ்னி வழியில் முதலில் எடை. ஒரு காலை மடித்து மறு முழங்காலைத் தூக்கி உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் பாரம் ஒரு இடுப்பில் இறங்கும், எதிர்ப்பக்கத் தோள் ஏறும். இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை ஒரே வளைகோடு போட்டுக்கொண்டு அதன்மேல் உடம்பைக் கட்டுங்கள். இந்தக் கோட்டைப் போடாமல் முகத்திலிருந்து தொடங்கினால், முகம் அழகாக வந்து உடம்பு பலகையாக நிற்கும்.

தட்டை ஸ்டைலில் புடவைக்கு ஒரு முக்கோணம், கொண்டைக்கு ஒரு வட்டம், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை. கைக்கு ஒரே கோடு. இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு, "ரொம்ப எளிசா இருக்கே" என்று மடிப்பும் நிழலும் சேர்ப்பது. சேர்க்கச் சேர்க்கக் கெடும். எளிமையை எப்படிக் கையாள்வது என்று பார்க்க, 1974இல் வந்து தூர்தர்ஷனில் பல வருடம் ஓடிய 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பறவைகள் வலையோடு எழும்பும் காட்சியில் ஒவ்வொரு பறவையும் எத்தனை குறைந்த கோடுகளால் ஆனது என்று கவனியுங்கள்.

அனிமேயில்தான் பெரிய சறுக்கல். கூரிய தாடை, புள்ளி மூக்கு, பளபளக்கும் கண் என்று வரைந்து முடித்ததும் பூக்கார அம்மாவுக்கு வயது பதினெட்டு ஆகிவிடுகிறது. ஸ்டைல் எதைச் சுருக்குவது என்று மட்டும்தான் சொல்லும். ஆளை மாற்றச் சொல்லாது. அனிமே மூக்கு சிறிதாகவே இருக்கட்டும், ஆனால் மூக்குத்தி எங்கே உட்காரும்? அந்த ஒரு ஒளிப்புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தால், வரையாத மூக்குமடல் தானாகக் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு, நெற்றியில் முடி ஏறியிருக்கும் எல்லை, கொஞ்சம் தளர்ந்த தாடை, இவை போதும் வயதைச் சொல்ல. அம்மா, பாட்டி, மளிகைக் கடை அண்ணாச்சி என்று நம்மைச் சுற்றி இருக்கும் முகங்களை ஒரு ஸ்டைலுக்குள் கொண்டுவர முடியவில்லை என்றால் அந்த ஸ்டைல் இன்னும் கைவரவில்லை என்று அர்த்தம்.

ஓவியத்தைப் பார்த்தே ஓவியம் வரைவது

போனில் வரும் படத்தைப் பார்த்து வரைவது தப்பில்லை. அதை மட்டுமே செய்வதுதான் தப்பு. வேறொருவர் சுருக்கியதை நீங்கள் மறுபடி சுருக்குகிறீர்கள், மூலம் எதுவென்று தெரியாமலே. மும்பையில் இருப்பவர்களுக்கு இதற்கு அருமையான மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: லோக்கல் ரயில். ஜன்னலோரம் தலை சாய்ந்து தூங்குபவர், மேலே பிடியில் தொங்கி ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவர், மடியில் பையோடு கீரை ஆய்ந்துகொண்டே வரும் அக்கா. வண்டி ஸ்டேஷனில் நிற்கும் அரை நிமிடத்துக்குள் ஒரு போஸ். முகம் வேண்டாம், தோள் சாய்வும் இடுப்புச் சாய்வும் போதும். யாராவது கவனித்தால் நோட்டைக் காட்டிவிடுங்கள், பெரும்பாலும் சிரிப்பார்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

டிரேஸ் எடுப்பதைப் பற்றியும் கேட்பார்கள். வெளிக்கோட்டை டிரேஸ் எடுத்தால் கைக்குத்தான் பயிற்சி. பிடித்த கேரக்டரின் மேல் தாள் வைத்து, உள்ளே இருக்கும் உருண்டை, நடுக்கோடு, கண்கோடு இவற்றைத் தேடி வரையுங்கள். அப்போதுதான் மூளைக்குப் பயிற்சி.

ஒரே கோணம், ஒளிந்த கை

வலது கைக்காரர்களுக்கு இடது பக்கம் பார்க்கும் முகம் சுலபமாக வரும், மணிக்கட்டின் இயல்பான வீச்சு அப்படி. அந்தச் சுகத்திலேயே தங்கிவிட்டால் அனிமேஷனில் ஒரு நாள் கூடத் தாங்காது, ஏனென்றால் கேரக்டர் திரும்ப வேண்டும். ஸ்டுடியோக்களில் மாடல் ஷீட் போடுவார்கள்: முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் எல்லாம் ஒரே வரிசையில். உச்சந்தலை, கண், தாடை, இடுப்பு, முட்டி என்று ஸ்கேல் வைத்துக் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டு வரையுங்கள். காது ஒரு படத்தில் கண்ணுக்கு நேராகவும் அடுத்ததில் வாய்க்கு நேராகவும் இருப்பது உடனே மாட்டிக்கொள்ளும். உயரத்தைத் தலைக்கணக்கில் எழுதி வையுங்கள். இயல்பான மனிதர் ஏழு, ஏழரைத் தலை உயரம், பெரிய தலையும் குட்டி உடம்புமாக ஜப்பானியர் வரையும் சிபி பொம்மை இரண்டு மூன்று தலை. ஒரு கேரக்டருக்கு மூன்றரை என்று முடிவு செய்தால் எல்லாக் கோணத்திலும் மூன்றரைதான்.

கையைப் பாக்கெட்டில் ஒளிப்பதற்கும் இன்றைய வேலையில் இடமில்லை. இப்போது நிறைய 2டி தொடர்களில் கேரக்டரைத் துண்டு துண்டாக வரைகிறார்கள்: மேல்கை, முன்கை, உள்ளங்கை ஒவ்வொன்றும் தனி லேயர், அதாவது தனி அடுக்கு. மூட்டுகளை உருண்டையாக வரைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைக்காவிட்டால், கை மடங்கும்போது இடையில் ஓட்டை தெரியும்.

வரைந்து முடித்ததும் உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். நிழலுருவத்தைப் பார்த்து யார், என்ன செய்கிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். பூக்கார அம்மாவின் கையும் சரமும் உடம்புக்கு முன்னால் விழுந்தால் வெறும் கறுப்பு மூட்டைதான் தெரியும். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் ஒரே பார்வையில் புரியும்.

டேப்லெட், அவசரம், அப்புறம் சில

விலை கூடிய டேப்லெட் வாங்கித் தந்தால் படம் மேம்படும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். முதல் ஒரு வருடம் பென்சிலும் மலிவான தாளும் தாராளம். டேப்லெட்டில் இரண்டு பக்கமும் தானாக ஒரே மாதிரி வரும் வசதியைப் போட்டுவிட்டால், நேராகப் பார்க்கும் முகத்தைத் தவிர வேறெதையும் கை கற்றுக்கொள்ளாது. கோடு தப்பினால் உடனே பின்வாங்கும் பழக்கமும் கையைப் பயந்தாங்கொள்ளி ஆக்கும். அதே டேப்லெட்டில் படத்தை இடம்வலம் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம், கோணல் எல்லாம் வெளியே வந்துவிடும். காகிதமானால் பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை அனிமே, செவ்வாய் டிஸ்னி என்று தாவ வேண்டாம். ஒரு ஸ்டைலோடு ஒரு மாதமாவது குடித்தனம் நடத்துங்கள். ஒரே பையன் சிரிப்பது, கோபப்படுவது, தும்முவது, படியேறுவது என்று பக்கம் பக்கமாக வரட்டும். "ஒரே படத்தையே திரும்பத் திரும்ப வரையிறானே" என்று கவலைப்படும் அம்மாக்களுக்கு: அவன் சரியான வேலைதான் செய்கிறான், விடுங்கள்.

டிசைன் படிப்பை மனதில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இளநிலை டிசைன் படிப்புக்கான யூசீட், முதுநிலைக்கான சீட் நுழைவுத் தேர்வுகளை நடத்துவது நம்ம பவாய் ஐஐடிதான், இரண்டிலும் கையால் வரைய வேண்டிய பகுதி உண்டு. அங்கே உங்கள் அபிமான அனிமே நாயகனை வரையச் சொல்ல மாட்டார்கள். ஒரு சூழலைச் சொல்லி, அதில் மனிதர்களை வரையச் சொல்லலாம். போர்ட்போலியோ, அதாவது உங்கள் படங்களின் தொகுப்பு, கேட்கும் கல்லூரிகளுக்குப் போனாலும், முடித்து மெருகேற்றிய படங்களோடு ரயிலில் கிறுக்கிய பக்கங்களையும், குறுக்குக் கோடு போட்ட மாடல் ஷீட்டையும், பூக்கார அம்மாவின் நான்கு வடிவங்களையும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எதை ஏன் சுருக்கினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.