பக்கத்தில் ஃப்ராக்கிங் வரப்போகிறதா? முதலில் உங்கள் கிணற்றைச் சோதியுங்கள்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். எரிவாயுவுக்கு ஆழத் துளை போட்டு, அழுத்தத்தில் தண்ணீர் செலுத்திப் பாறையைப் பிளப்பதுதான் ஃப்ராக்கிங். அதெல்லாம் முடிந்து லாரிகளும் போன பிறகுதான் பெரும்பாலானோர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "தண்ணி ஏதோ மாதிரி இருக்கு மேடம்." சோதித்தால் மீத்தேன் என்ற எரியும் வாயு இருக்கும். "முன்னாடி எவ்வளவு இருந்தது?" என்று கேட்டால் பதில் இருக்காது. நிலத்தடி நீரில் மீத்தேன் இயற்கையாகவும் இருக்கும் என்பதால், "அது எப்பவும் இருந்ததுதான்" என்று நிறுவனம் சொன்னால் மறுக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் இயந்திரம் வருவதற்கு முன்பே சோதியுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அளவுகளும் மாறும்.

வழக்கமான குடிநீர்ச் சோதனை இதற்குப் போதாது. அதில் பாக்டீரியாவும் கடினத்தன்மையும் பார்ப்பார்கள். மீத்தேனைப் பார்க்க மாட்டார்கள். கரைந்த மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சதுப்பில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயுவில் பின்னிரண்டும் அநேகமாக இருக்காது. ஆழப்பாறை வாயுவில் இருக்கும். கூடவே குளோரைடு, புரோமைடு, பேரியம், ஸ்ட்ரான்சியம், பென்சீன், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு). துளையிலிருந்து திரும்பி வரும் கழிவுநீர் பல இடங்களில் கடலைவிட உப்பு. அது குழியிலிருந்து கசிந்தாலோ லாரியிலிருந்து கொட்டினாலோ முதலில் காட்டிக்கொடுப்பது இந்த உப்புகள்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2016இல் வெளியிட்ட அறிக்கையும் குடிநீர் கெடும் வழிகளாக மேற்பரப்புச் சிந்தல், சிமெண்ட் பூச்சு சரியில்லாத துளை, அடியில் தடுப்பில்லாத கழிவுக்குழி ஆகியவற்றைச் சொல்கிறது.

சாம்பிள் எடுப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுச் சமையலறைக் குழாயில், நுனியிலிருந்த சல்லடையைக்கூடக் கழற்றாமல் பிடித்தேன். மீத்தேன் இல்லை என்றே முடிவு வந்தது. சோடாவைத் தூக்கி ஊற்றினால் வாயு போய்விடுமே, அதே கதை. மறுபடி போய் மோட்டாருக்குப் பக்கத்தில் எடுத்தபோது நன்றாகவே இருந்தது.

ஃபில்டருக்கும் தொட்டிக்கும் முன்னால் உள்ள குழாயைத் தேர்ந்தெடுங்கள். குழாயிலும் கிணற்றிலும் தேங்கிய தண்ணீர் போகும்வரை மோட்டாரை ஓடவிடுங்கள். ஒரு வாளியை நிரப்பி, பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பி அதற்குள் தலைகீழாக அமுக்குங்கள். மெல்லிய குழாயை பாட்டிலுக்குள் விட்டு மெதுவாகத் தண்ணீரைச் செலுத்துங்கள். பழைய தண்ணீர் வெளியேறிப் புதுசு நிரம்பும். மூடியையும் வாளிக்குள்ளேயே திருகுங்கள். வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட ஓடக்கூடாது. ஓடினால் கொட்டிவிட்டு மறுபடி. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள்.

இவ்வளவும் உங்களுக்குப் புரியத்தான். வழக்கு என்று போனால் நீங்களே எடுத்த சாம்பிள் நிற்காது. அங்கீகாரம் பெற்ற கூடத்து ஆளே வந்து எடுத்து, சீல் வைத்து, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். நிறுவனம் தானே சோதிக்கிறேன் என்று வந்தால் விரட்டாதீர்கள். விடுங்கள், நகல் கேளுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, துளையிலிருந்து 2,500 அடிக்குள், துளை வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால் நிறுவனமே காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் முன்சோதனைக்கு வீட்டுக்காரர் அனுமதி மறுத்திருந்தால், அதைக் காட்டியே நிறுவனம் தப்பிக்கலாம்.

துளை போட்ட பிறகு அதே குழாய், அதே கூடம், அதே பட்டியல். மீத்தேன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் தொடர்ந்து கவனியுங்கள். 28ஐத் தாண்டினால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அமெரிக்கச் சுரங்கத் துறையின் அளவுகோல்.

தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வந்து சற்று நேரத்தில் தெளிந்தால், குழாய் புஸ்புஸ்ஸென்று துப்பினால், தீக்குச்சி கிழித்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். மீத்தேனுக்கு வாசனையும் கிடையாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, கிணற்று மூடியில் காற்றுப்போக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பென்சில்வேனியாவின் டிமோக்கில் 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டுக் கிணற்றில் சேர்ந்த வாயு வெடித்ததில் கான்கிரீட் மூடியே உடைந்தது.