ஆயில் நட்டில் மரை போய்விட்டால்

பைக்கில் ஆயில் மாற்றிவிட்டு டிரெயின் நட்டை (பழைய ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில் இருக்கும் போல்ட்) இறுக்கும்போது ஸ்பேனர் திடீரென்று லேசாகும். சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்கவே பிடிக்காது. வயிற்றில் புளியைக் கரைக்கும் நேரம் அது. என் ஸ்பிளெண்டருக்கு முந்தைய சர்வீஸில் யாரோ ஸ்பேனரில் பைப்பை மாட்டி முறுக்கிவிட்டார்கள், அடுத்த முறை நான் கழற்றியபோது போல்ட்டோடு அலுமினியச் சுருளும் சேர்ந்து வந்தது.

போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். அதனால் பெரும்பாலும் போவது இன்ஜின் பக்கத்து மரைதான். போல்ட்டைத் துடைத்துப் பாருங்கள்: பள்ளங்களில் வெள்ளிக் கம்பி மாதிரி சுற்றியிருந்தால் உள்ளே மரை காலி. போல்ட் மரை மட்டும் மழுங்கியிருந்தால் அதிர்ஷ்டம், புது போல்ட், புது வாஷரோடு வேலை முடிந்தது. வெறுமனே கசிகிறது, ஆனால் போல்ட் நன்றாகப் பிடிக்கிறது என்றால் வாஷரை மட்டும் மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும்.

இன்ஜின் மரை போயிருந்தால் கடையில் ஓவர்சைஸ் போல்ட் கொடுப்பார்கள். அது தானே மரை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அவசரத்துக்குச் சரி, ஆனால் கோணலாகப் போனால் பிறகு எதுவுமே நிற்காது. டெஃப்லான் டேப் சுற்றுவது, பசை போட்டு அடைப்பது எல்லாம் வேண்டாம். ஓடும்போது போல்ட் விழுந்தால் ஆயிலும் போகும், இன்ஜினும் போகும்.

எனக்குப் பிடித்தது ஹெலிகாயில், அதாவது பெரிதாக்கிய துளைக்குள் திருகி வைக்கும் கம்பிச் சுருள், அதுவே புது மரையாகிவிடும். ஸ்பிளெண்டர் போல்ட் 12 எம்.எம்., பிட்ச் (மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) 1.5 எம்.எம்., உங்கள் வண்டிக்கு எது என்று பழைய போல்ட்டைக் கொண்டுபோய் அளந்துவிட்டு அதற்கான கிட் வாங்குங்கள். கிட்டில் சொன்ன அளவு டிரில் பிட்டால் துளையைப் பெரிதாக்கி, கிட்டில் உள்ள டேப்பின் (மரை வெட்டும் கருவி) பள்ளங்களில் கிரீஸ் அப்பி (தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்), நேராகப் பிடித்து அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று கையாலேயே வெட்டுங்கள். நடுநடுவே வெளியே எடுத்துத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே உடையும், அப்புறம் லேத் பட்டறைதான். காயிலை மேல்விளிம்புக்கு அரைச் சுற்று உள்ளே போகுமாறு திருகுங்கள். உள் நுனியில் உள்ள சின்ன வால் கம்பியை ஒடித்துக் கட்டாயம் வெளியே எடுத்துவிட வேண்டும். காயில் ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்துக்குச் சரியாக ஒட்டாது, மூக்குக் குறடுதான் கதி.

இப்போது துளையைத் திறந்தே வைத்து, மேலே இருந்து மலிவான ஆயில் அரை லிட்டர் ஊற்றி வடிய விடுங்கள், மிச்சத் தூள் இறங்கிவிடும். ஏர் அடித்து ஊதாதீர்கள், தூள் உள்ளேதான் போகும்.

போல்ட்டை முதலில் விரலாலேயே முழுவதும் ஏற்றி, வாஷர் உட்கார்ந்ததும் சின்ன ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் மேனுவலில் உள்ள அளவு வையுங்கள். புது ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, இரவு வண்டியடியில் அட்டை விரித்துவிட்டுப் படுங்கள், காலையில் அட்டையில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.