காலித் தட்டை நம்பாதீர்கள்: காப்பகத்தில் நோயுற்ற பூனையைப் பார்த்துக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் எங்கள் காப்பகத்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பொது அறைக்கு மாற்றிய கறுப்புப் பூனையின் பெயருக்கு எதிரே, புதிதாகச் சேர்ந்த பெண் மூன்று நாளும் ‘சாப்பிட்டது’ என்று எழுதியிருந்தாள்.

“சாப்பிட்டதை நீ பார்த்தியாம்மா?”

“தட்டு காலியா இருந்துச்சுக்கா.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் இதே பதிலைச் சொன்னவள் நான். பால் ஊற்றாதே, கையைக் கழுவு என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அவற்றை விட்டுவிடுகிறேன். பழகியவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

காலித் தட்டு

அப்போது எங்களிடம் ஜிலேபி என்று ஒரு மஞ்சள் ஆண் பூனை வந்தான். வீடு மாறிப் போனவர்கள் கேட்டருகே விட்டுச் சென்ற, நன்றாகக் கொழுத்த வீட்டுப் பூனை. வந்த அன்று எடை 5.2 கிலோ. தனிக்கூண்டு நாட்கள் முடிந்து, ஒன்பது பூனைகள் இருந்த அறையில் விட்டோம். ஆறு நாள் ‘சாப்பிட்டான்’ என்று எழுதினேன். ஏழாம் நாள் அலமாரிக்கு அடியிலிருந்து அவனைத் தூக்கியபோது கைக்கு லேசாக இருந்தான். தராசில் 4.5. காது மடலின் உட்புறம் மஞ்சள், ஈறும் மஞ்சள். அத்தனை நாளும் அவன் தட்டைக் காலி செய்தது மற்ற பூனைகள்.

பூனையின் உடம்பு நம் உடம்பு மாதிரி பட்டினியைத் தாங்காது. சாப்பாடு நின்றால் உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போகும். அவ்வளவு கொழுப்பைப் பூனையின் ஈரலால் கையாள முடியாது, அங்கேயே தேங்கிவிடும். ஈரல் கெட்டால் குமட்டல், குமட்டினால் இன்னும் சாப்பிடாது. குண்டான பூனைக்கு இது சில நாட்களிலேயே தொடங்கிவிடும். ஜிலேபிக்கு மயக்க மருந்து கொடுத்துக் கழுத்து வழியாக உணவுக் குழாய் வைத்தார்கள். பதினொன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனான். சீக்கிரம் கண்டுபிடித்துப் பல வாரம் குழாயில் ஊட்டினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன. நான் ஆறு நாளைத் தொலைத்துவிட்டேன்.

“பசிச்சா தானா சாப்பிடும்” என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. நோயுற்ற பூனைக்கு அப்படிப் பசிக்காது. தட்டருகே வரும், முகரும், உதட்டை நக்கும், திரும்பிப் போய்விடும். பார்ப்பவர்கள் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு என்பார்கள். அது குமட்டல், டாக்டரிடம் சொல்லி மருந்து கேட்க வேண்டிய விஷயம். மூக்கடைத்த பூனையும் இப்படித்தான், வாசனை தெரியாவிட்டால் வாய் வைக்காது. உணவை வெதுவெதுப்பாக்கி வையுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த மத்தி நல்லது. குழம்பில் கிடந்த மீன் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். நோயுற்ற பூனைக்குத் தனிக்கூண்டு, தனித்தட்டு, தனி மணல் தட்டு. வைக்கும்போது உணவை எடை போடு, எடுக்கும்போது மறுபடி போடு, நோட்டில் கிராமை எழுது. தினமும் காலையில் அதே தராசில் பூனையின் எடை. மணல் தட்டில் ஒன்றுமில்லையென்றால் உள்ளேயும் ஒன்றும் போகவில்லை என்று சந்தேகப்படு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்கு போன், மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். ‘சாப்பிட்டது’ என்ற சொல்லையே நோட்டிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, சொல்லிக்கொடுக்காமல் விட்டது நாங்கள்.

எலும்பும் தோலுமாக வந்ததற்கு வயிறு முட்ட ஊட்டுவது

இது நேர் எதிரான தவறு, அன்பினால் வருவது. பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால், ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். முதல் நாள் நன்றாகத் தின்றுவிட்டு, இரண்டு மூன்று நாளில் தலை தூக்க முடியாமல் கிடக்கும். இதயமும் நின்றுபோகலாம். 3 கிலோ பூனைக்கு ஓய்வாக இருக்கும்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 160 கலோரி வேண்டும். டாக்டர்கள் முதல் நாள் அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் தொடங்கச் சொல்வார்கள். அதையும் நாலைந்து வேளையாகப் பிரித்து, சில நாட்களில் மெல்ல ஏற்ற வேண்டும். அது கத்திக் கேட்கும். மனசைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

சில்லிட்ட உடம்புக்குச் சாப்பாடு

மழையில் கிடந்து வந்த குட்டியின் வாயில் உடனே சிரிஞ்சை வைக்காதீர்கள். முதலில் தெர்மாமீட்டர். பூனைக்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. அதைவிட மிகவும் கீழே போயிருந்தால் குடல் சரியாக வேலை செய்யாது, ஊட்டியது அப்படியே மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களைப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், அப்புறம் சாப்பாடு. ஊட்டும்போதும் சிரிஞ்சு கடைவாய் ஓரமாக இருக்கட்டும். நேராகத் தொண்டைக்குப் பீச்சினால் புரை ஏறும்.

பாரசிட்டமால்

கூடவே கூடாது. கால் மாத்திரையும் கூடாது.

டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வெறுமனே விழுங்க வைப்பது

டாக்ஸிசைக்ளின் ஒரு ஆன்டிபயாடிக். பூனையின் உணவுக்குழலில் அது ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். புண் ஆறும்போது குழல் சுருங்கி, ஜுரம் குணமான பூனை எதையும் விழுங்க முடியாமல் போகும். மாத்திரைக்குப் பின்னாலேயே சிரிஞ்சில் 5 அல்லது 6 மில்லி தண்ணீர் கொடுங்கள்.

பினாயில்

வாசனை வந்தால் சுத்தம் என்று நினைக்கிறோம். பூனைக்கு அது விஷம், பாதத்தில் ஒட்டினால் நக்கியே உள்ளே எடுத்துக்கொள்ளும். பூனைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பார்வோ வைரஸ் அதற்குச் சாவதும் இல்லை. அது அறையில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். முதலில் அழுக்கைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு அலசி, காய்ந்த பிறகு பூனையை விடுங்கள்.

மணல் தட்டில் முக்கிக்கொண்டே இருக்கும் ஆண் பூனை

மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம். நள்ளிரவானாலும் வண்டியை எடுங்கள்.