எங்கே நிறுத்துவது? பேஸ்பால் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

காரைக்குடிப் பக்கம் பேஸ்பால் பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கிரிக்கெட்டிலிருந்துதான் வருகிறார்கள். வந்த முதல் வாரமே வீட்டார் கேட்பது ஒரே கேள்வி: "சார், இவனை எங்க நிப்பாட்டுவீங்க? பௌலிங் நல்லாப் போடுவான், பிட்சராப் போட்ருங்களேன்."

பிட்சர் என்றால் பேட்டருக்குப் பந்து எறிபவர். நல்ல பௌலர் நல்ல பிட்சர் ஆவான் என்று நம்ப வேண்டாம். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் நோ பால். பேஸ்பாலில் முழங்கை மடங்கித்தான் பந்து வேகம் பிடிக்கிறது. பவுண்டரியிலிருந்து கீப்பர் கைக்கு நேராகத் த்ரோ அடிக்கிற பிள்ளைதான் பிட்சருக்கு நெருக்கம். உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். 2008-ல் பந்து எறியும் போட்டி ஒன்றில் தேறி, அதே ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள்.

ஆகவே உயரத்தையும் உடம்பையும் பார்த்து இடம் ஒதுக்காதீர்கள். எறிவது எப்படி, முதல் அடி எந்தப் பக்கம் போகிறது, இந்த இரண்டையும் பாருங்கள். அதற்கு ஒரு நோட்டு, பத்துப் பந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

முதலில் கோடு போடுங்கள்

பேஸ் என்பது ரன்னர் ஓடித் தொட வேண்டிய மூலை; பேட்டர் நிற்கும் ஹோமோடு சேர்த்து நான்கு. 12 வயது வரைக்கும் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 60 அடி, ஹோமிலிருந்து பிட்சர் நிற்க 46 அடி. பெரியவர்களுக்கு 90 அடியும் 60 அடி 6 அங்குலமும். சின்னப் பிள்ளையைப் பெரியவர் அளவில் எறியவிட்டால் நல்ல கையும் சோப்ளாங்கிக் கையாகத்தான் தெரியும். நம்ம ஊர் செம்மண் பொட்டலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடலாம். அதற்கு முன் சரளைக் கல்லைப் பொறுக்கிவிடுங்கள். தரையோடு வரும் பந்து கல்லில் பட்டால் நேரே முகத்துக்கு எழும். முதல் மாதம் டென்னிஸ் பந்தே போதும்.

கிளவுஸ் எந்தக் கையில்?

இதில் எல்லாரும் தடுமாறுவார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பிடிக்க வாகான கை என்று கிளவுஸை வலக்கையில் மாட்டிக்கொண்டாள். பந்தை அழகாகப் பிடித்தாள். அப்புறம் கிளவுஸைக் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பந்தை எடுத்து எறிந்தாள். அதற்குள் ரன்னர் பேஸில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். எறிகிற கை எப்போதும் வெறுங்கையாக இருக்க வேண்டும். வலக்கையால் எறிந்தால் கிளவுஸ் இடக்கையில். பழக இரண்டு வாரம் ஆகும். அதுவரை எந்தச் சோதனையும் வைக்காதீர்கள்.

எறியச் சொல்லுங்கள்

60 அடியில் ஒருவரை நிறுத்தி, அவர் நெஞ்சுக்குப் பத்து எறி. வேகத்தை விட்டுவிடுங்கள். பிடிப்பவர் காலை நகர்த்தாமல் எத்தனை பிடித்தார் என்று மட்டும் எண்ணி எழுதுங்கள். பிறகு 90 அடிக்குப் போய் இன்னொரு பத்து. கிட்டத்தில் துல்லியம், தூரத்தில் பந்து தரையில் விழுகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு செகண்ட் பேஸ் பொருந்தும். அடித்தவர் முதலில் ஓடுகிற பர்ஸ்ட் பேஸுக்கு அங்கிருந்து தூரம் குறைவு. தூரத்திலும் நேராகப் போகிறதா? ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்பவர்), தேர்ட் பேஸ், பிட்சர் மூன்றையும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம்.

உருட்டிவிடுங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த சோதனை. தரையோடு பத்துப் பந்து: ஐந்து வலப்பக்கம், ஐந்து இடப்பக்கம். பந்தைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் காலைப் பாருங்கள். பந்து புறப்பட்டதுமே கால் நகர்கிறதா, பாதி வழி வந்த பிறகா? முகத்தைத் திருப்புகிறதா?

உடனே நகர்கிற பிள்ளை ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆள். வலக்கை பேட்டர்கள் இழுத்து அடிக்கிற பந்து அந்தப் பக்கம்தான் அதிகம் வரும். எடுத்து, நீளமாக எறியவும் வேண்டும். நகர்வது சற்று மெதுவென்றாலும் நெஞ்சைக் காட்டிப் பந்தை மறிக்கிறதா, கையில் பலம் இருக்கிறதா, அது தேர்ட் பேஸ். அங்கே ஓட நேரமே இருக்காது, அடித்த பந்து கண் இமைப்பதற்குள் வந்துவிடும். முகம் திருப்புகிற பிள்ளையைத் திட்டாமல், டென்னிஸ் பந்திலேயே இன்னும் சில வாரம் விடுங்கள். பயம் தெளிந்ததும் வேறு ஆளாகத் தெரியும்.

வீட்டில் இதைப் பழக வளவு அருமையான இடம். ஆத்தங்குடிக் கல் கட்டம் கட்டமாக இருக்கிறதல்லவா? ஒரு கட்டத்தில் நிறுத்தி, "வலது", "இடது" என்று சொன்னதும் பக்கத்துக் கட்டத்துக்குக் கால் போக வேண்டும். பந்தே வேண்டாம். திண்ணையில் இருக்கும் அப்பத்தாவே சொல்லலாம்.

உயரத் தூக்கிப் போடுங்கள்

பந்து மேலே போனதும் புதுப் பிள்ளை முன்னால் ஓடும். பந்து தலைக்கு மேல் பறந்து பின்னால் விழும். முதல் அடியைப் பின்னால் வைக்கிற பிள்ளையைக் கண்டால் விட்டுவிடாதீர்கள், சென்டர் ஃபீல்டுக்கு, அதாவது பேஸ்களுக்கு வெளியே விரியும் அவுட்ஃபீல்டின் நடுவுக்கு, அதுதான் ஆள். அவுட்ஃபீல்டின் வலப்பக்கமான ரைட் ஃபீல்டை ஆடத் தெரியாதவர்களை ஒதுக்கும் இடமாக்கிவிடுகிறார்கள், அது தப்பு. அங்கிருந்து தேர்ட் பேஸுக்கு எறிய அணியிலேயே பலமான கை வேண்டும்.

இடக்கைப் பிள்ளை

பர்ஸ்ட் பேஸ், பிட்சர், அவுட்ஃபீல்ட். செகண்ட், ஷார்ட்ஸ்டாப், தேர்ட் மூன்றிலும் பர்ஸ்ட் பேஸுக்கு எறிய உடம்பையே திருப்ப வேண்டும். அந்த அரை நொடியில் ரன்னர் தப்பிவிடுவான். பர்ஸ்ட் பேஸில் அதே பிள்ளைக்கு லாபம், கிளவுஸ் உள்பக்கம் இருக்கும். வலக்கையோ இடக்கையோ, பர்ஸ்ட் பேஸுக்கு உயரத்தைவிட முக்கியம், தாறுமாறாக வரும் எறியைப் பிடிக்கும் கை. ஸ்லிப்பில் நின்ற பிள்ளைகள் இங்கே சீக்கிரம் பொருந்துவார்கள்.

கேட்சர், பிட்சர்

பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, மைதானம் முழுவதையும் எதிரே பார்த்தபடி இருப்பவர் கேட்சர் ஒருவர்தான். யார் எங்கே நிற்க வேண்டும் என்று கத்திச் சொல்கிற பிள்ளை, வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்தும் சலிக்காத பிள்ளை வேண்டும். முகமூடி, ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், கால் கவசம், பையன் என்றால் இடுப்புக்குக் கீழே போடும் கார்டு எல்லாம் இல்லாமல் உட்காரவைக்கவே கூடாது, பயிற்சியில்கூட.

பிட்சருக்குக் கணக்கு முக்கியம். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்து. 11, 12 வயதுக்கு 85. 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்த பிள்ளை அன்று கேட்சராக உட்காரக் கூடாது. ஆரம்பத்தில் நான் எண்ணவில்லை. ஒரு பையனைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எறியவிட்டேன். திங்கட்கிழமை காலை காபி டம்ளரைத் தூக்க முழங்கை வலித்தது என்று அவன் அம்மா வந்து சொன்னார். வளரும் எலும்பின் நுனி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அதிகம் எறிந்தால் முதலில் அடிபடுவது அதுதான். அன்றிலிருந்து ஒருவர் கையில் நோட்டோடு நிற்காமல் எங்கள் மைதானத்தில் யாரும் பிட்ச் செய்வதில்லை.

இனி சுற்றவிடுங்கள்

நோட்டில் இப்போது இரண்டு மூன்று இடம் தேறியிருக்கும். அதிலேயே கட்டிப்போடாமல் 12 வயது வரை மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு இன்னிங்ஸ் உள்ளே பேஸ்களின் பக்கம் நின்றால் இரண்டு வெளியே அவுட்ஃபீல்டில். வெளியே மட்டும் நின்ற பிள்ளை பந்தே வராமல் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் "எங்க நிக்கப் புடிச்சுச்சு?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதுங்கள். கிளவுஸைக் கக்கத்தில் இடுக்கிய அந்தச் சிறுமியின் பக்கத்தில் நான் செகண்ட் பேஸ் என்று எழுதியிருந்தேன். நாலு வாரமும் அவள் சொன்னது சென்டர் ஃபீல்ட். அடுத்த ஆட்டத்தில் அங்கே நிறுத்தினேன்; பந்து எழுந்ததும் அவள் கால் பின்னால் போனது.