லீவில் மதுரைக்கு வந்து கண்ணுக்கு லேசர் செய்பவர்களுக்கு: வந்த வாரமே செய்துவிடுங்கள்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார லீவில் வந்திருந்தேன். முதல் வாரம் சொந்தக்காரர்களைப் பார்ப்பது, இரண்டாவது வாரம் கண்ணாடி போடாமல் இருக்கக் கண்ணுக்கு லேசர், அதற்கு நாலாம் நாள் அக்கா மகளுக்குக் காதுகுத்து, அப்புறம் விமானம். இப்படித்தான் நாட்களைப் பிரித்து வைத்திருந்தேன். லேசர் என்றால் கால் மணி நேர வேலை, மறுநாள் எழுந்து நடமாடலாம் என்று பலரும் சொன்னதை நம்பினேன்.

காதுகுத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். நான் போகாமல் இருக்க முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயில். பொட்டல் வெயில், பத்துப் பதினைந்து அடுப்பில் விறகு எரிந்து பொங்கல் கொதிக்கிறது, கிடாய்க்கறி வேகிறது. புகையில் கண்ணீர் கொட்டியது. ஊசி குத்தியதும் பிள்ளை கையை உதறியது என் கன்னத்தில் பட்டது, நல்லவேளை கண்ணில் படவில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது, லேசர் செய்த புண்ணை மூடிக் காக்க டாக்டர் இடது கண்ணில் வைத்திருந்த லென்ஸ் கண்ணீரோடு கழன்றுவிட்டது. அன்று இரவு முழுக்க மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரிச்சல். மறுநாள் காலை டாக்டர் பார்த்து, புண் இன்னும் மூடவில்லை என்று புது லென்ஸ் வைத்தார். டிக்கெட்டை மாற்றினேன். கண் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் அந்த ஒரு இரவை வேறு யாரும் அனுபவிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லேசர் செய்ய நாள் குறிக்கும்போது எல்லோரும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறோம். குறிக்க வேண்டியது ஆறுவதற்கான நாட்களை. ஊருக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாளில் பரிசோதனை, அதைத் தொடர்ந்து லேசர், அதன் பிறகு ஒரு வாரம் வீடு. கோயில், கல்யாணம், காதுகுத்து எல்லாம் கடைசியில். உறவுகள் முதல் வாரம் உங்களைப் பார்க்க வரட்டும், நீங்கள் போக வேண்டியதில்லை.

எந்த வகை என்று தெரிந்த பிறகே டிக்கெட்

எல்லா லேசரும் ஒன்றல்ல. லாசிக் என்பதில் கருவிழியின் மேல் பகுதியில் மெல்லிய மூடி போல ஓர் அடுக்கை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்ப வைத்துவிடுவார்கள். தையல் கிடையாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் பார்வை தெளிந்துவிடும். ஆனால் அந்த மூடி அழுத்தித் தேய்த்தால் நகரக்கூடியது, ஆரம்ப நாட்களில் மிகவும் கவனம் வேண்டும். ஸ்மைல் என்ற முறையில் மூடி கிடையாது. சின்ன கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய துண்டை எடுத்துவிடுவார்கள்.

எனக்குச் செய்தது பிஆர்கே. கருவிழி மெலிதாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்வார்கள். மேல் தோலை நீக்கிவிட்டு நேராக லேசர் பாய்ச்சுகிறார்கள், தோல் தானாக வளர வேண்டும். அதுவரை காயத்தை மூடிக் காக்க ஒரு லென்ஸ் வைப்பார்கள். பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து நாள். முதல் இரண்டு மூன்று நாள் வலி, கூச்சம், கண்ணீர் எல்லாம் உண்டு. பார்வை ஒரு நாள் நன்றாக, மறுநாள் மங்கலாக என்று வாரக்கணக்கில் ஏறி இறங்கி, ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் நிலைக்கும். பலன் கடைசியில் லாசிக் போலத்தான், ஆறும் வழிதான் நீளம். இரண்டு வார லீவில் வருபவருக்கு பிஆர்கே என்று சொல்லிவிட்டால் அடுத்த லீவுக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

எந்த வகை என்பதைப் பரிசோதனைதான் முடிவு செய்யும். கருவிழியின் தடிமனையும் மேடுபள்ளத்தையும் அளப்பார்கள். இங்கேதான் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முக்கியமான ஒன்றில் தவறுகிறார்கள். கான்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம் இருந்தால், மென்மையான லென்ஸை ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கடினமான லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரமாவது. லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே சற்று மாற்றி வைத்திருக்கும், அளவு தப்பாக வரும். எனவே டொரான்டோவிலோ துபாயிலோ இருக்கும்போதே லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறி, கண்ணாடியோடு விமானம் ஏறுங்கள். மதுரையில் வந்து இறங்கிய பிறகு நிறுத்தினால் பாதி லீவு காத்திருப்பிலேயே போய்விடும்.

ஒரு வருஷமாவது பவர் மாறாமல் இருந்ததைக் காட்ட, பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும். கருவிழி கூம்பு போலப் புடைக்கும் கோளாறு இருந்தால் லேசர் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வேறு இடம் தேடி அலையாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: தூரப் பார்வை சரியானாலும் பேப்பர் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். அது வயதால் வருவது.

பரிசோதனையில் கண் பாப்பாவை, அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, விரிக்கச் சொட்டு விடுவார்கள். பல மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது தெரியாது. தனியாக டூவீலரில் போகாதீர்கள், யாரையாவது அழைத்துப் போங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையோ இருந்தால் விசா பற்றிய கவலை இல்லை. மற்றவர்கள் கவனிக்க வேண்டும். சிகிச்சைக்கென்று இந்தியா தனியாக மருத்துவ விசா கொடுக்கிறது, அதையே எடுத்து வாருங்கள்.

வீட்டில் ஒரு வாரம்

கண் வைத்தியம் மதுரைக்காரர்களுக்குப் பழகிய சங்கதி. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். புரை எடுத்த பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையே அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் இங்கு தயாரிக்கிறது. அதனால் எந்த வீட்டிலும் புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவராவது இருப்பார். உங்கள் லேசரையும் அந்தக் கணக்கில்தான் பார்ப்பார்கள். "உங்க மாமாவுக்குக் கண்ணு பார்த்தப்ப இப்படியா இருந்துச்சு?" என்று கேட்பார்கள். அது லென்ஸை மாற்றுவது, இது கருவிழியைச் செதுக்குவது என்று முதலிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அன்பும் மருந்தாக வரும். எங்கள் அப்பத்தா கொல்லையிலிருந்து நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து, "கண்ணுல ஒத்திக்கய்யா, குளுகுளுன்னு இருக்கும்" என்றார். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், இளநீர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எழுதிக் கொடுத்த சொட்டைத் தவிர எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது, கண்மேல் வைக்கவும் கூடாது. அப்பத்தாவிடம், "டாக்டர் ஒரு மாசம் கழிச்சுச் சொல்றேன்னாரு அப்பத்தா, பூவை இப்ப சாமிக்கு வைங்க" என்றேன். அவருக்கும் மனம் நோகவில்லை.

குளிப்பதுதான் பெரிய சிரமம். ஒரு வாரம் வரை கண்ணில் தண்ணீர் படக் கூடாது. கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால், சலூனில் செய்வது போலத் தலையைப் பின்னால் சாய்த்து வேறொருவர் ஊற்ற வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் சில வாரம் வேண்டாம். கிணறு, கண்மாய், நீச்சல் குளம் எதுவானாலும் ஒரு மாதம் கழித்து, டாக்டரைக் கேட்டு.

வீட்டுக்குள்ளும் கண்ணுக்கு ஆகாதவை நிறைய. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ராத்திரிக் கொசுவத்தி, மிளகாய் தாளிக்கும் நெடி. அடுப்படிப் பக்கம் போகாமல் இருங்கள். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்தால் கண் காய்ந்துவிடும். கட்டிலைத் தள்ளிப் போடுங்கள். மதுரை வெக்கையில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது. தூங்கும்போது கண் மேல் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடியை ஒரு வாரம் தவறாமல் போடுங்கள். விழித்திருக்கும்போது கண்ணைக் கசக்காமல் இருந்துவிடலாம். தூக்கத்தில் கை தானாகப் போகும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம், மடியில் வைத்துக் கொஞ்சவும் வேண்டாம். எவ்வளவு ஆசையோடு வந்திருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் பிஞ்சு விரல் நகம் பட்டால் போதும்.

சொட்டு மருந்து விஷயத்தில் கறாராக இருங்கள். தொற்று வராமல் இருக்க ஒன்று, பொதுவாக ஒரு வாரம். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு. இதைப் படிப்படியாகக் குறைப்பார்கள், பிஆர்கே என்றால் மாதக்கணக்கில் போகும். இப்போதுதான் எரியவில்லையே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், நன்றாக இருக்கிறதே என்று கூடுதலாகவும் விடாதீர்கள். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், அதனால்தான் இடையில் அழுத்தம் பார்க்கிறார்கள். மூன்றாவது, கண்ணீர் போன்ற சொட்டு, மாதக்கணக்கில் தேவைப்படும். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் முதலில் விட்டதைப் பின்னால் விட்டது கழுவிவிடும். பால் போல இருக்கும் மருந்தைக் குலுக்கி விடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ ஸ்கூட்டர் பெட்டியிலோ வைக்காதீர்கள். திறந்த புட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது.

கோயிலும் திருவிழாவும்

மீன் போன்ற கண்ணுடையவள் என்று பேர் வைத்த அம்மன் ஊரில் கண் ஆபரேஷன் செய்துவிட்டு அவளைப் பார்க்காமல் போக யாருக்கும் மனம் வராது. மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக அம்மாவோ அத்தையோ நேர்ந்திருப்பார்கள். போகத்தான் வேண்டும், ஒரு வாரம் கழித்து. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, குங்குமத்தையும் விபூதியையும் கையில் வாங்கி, வேறொருவர் நெற்றியில் மெதுவாக இடட்டும். கிராமத்துக் கோயிலில் சாமியாடி முகத்தில் விபூதியை ஊதிவிடுவார். அதை முன்கூட்டியே சொல்லி, கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பெண்கள் மையும் மற்ற கண் அலங்காரமும் இரண்டு வாரம் வரை தவிர்க்க வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கென்றே லீவு எடுத்து வருபவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியடிப்பார்கள், அது முகத்தில்தான் வந்து விழும். நெரிசலில் முழங்கை இடிக்கும். அந்த ஆண்டு லேசரா அழகரா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் திருவிழாவுக்கு ஒரு மாதமாவது முன்னால் லேசர் முடிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு வருபவர்களுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வாடிவாசல் புழுதி. தீபாவளிக்குப் பட்டாசுப் புகை. ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெளியே போனால் பக்கவாட்டையும் மூடும் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். பிஆர்கே செய்தவர்களுக்கு இது மாதக்கணக்கில் கட்டாயம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் ஆறிவரும் கருவிழியில் மங்கல் படியலாம். மாசி வீதிகளில் டூவீலர் பின்னால் உட்கார்ந்து போவதைவிட, கார் பிடித்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவது மேல். ராத்திரியில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும், எதிர் வண்டி வெளிச்சம் சிதறுவதும் சில மாதம் இருக்கும். அதுவரை இரவில் வண்டி ஓட்டாதீர்கள்.

வலி குறைந்து வந்து திடீரென்று கூடினால், சிவப்பு அதிகமானால், சீழ் வந்தால், பார்வை முந்தின நாளைவிட மங்கினால், கண்ணில் அடி பட்டால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவமனையின் அவசர எண்ணை வீட்டில் இருவர் போனில் போட்டு வையுங்கள். உங்களால் அந்த நேரத்தில் திரையைப் பார்க்க முடியாது.

கிளம்பும் முன்

லாசிக்கோ ஸ்மைலோ செய்தவர்களுக்கு ஒரு வாரச் செக்கப் முடிந்தபின் விமானம் ஏறுவது நிம்மதி. பிஆர்கே என்றால் லென்ஸை எடுத்து, தோல் மூடிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை டிக்கெட்டை உறுதி செய்யாதீர்கள். மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. விமானத்துக்குள் காற்றின் ஈரம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும், கண் பாலைவனம் மாதிரி காயும். கண்ணீர்ச் சொட்டைக் கைப்பையில் வைத்து அடிக்கடி விட்டுக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்துகளை முழு அளவுக்கும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மாக்ஸிஃப்ளாக்ஸசின், ஃப்ளூரோமெத்தலோன் போன்ற பெயர்தான் எங்கும் செல்லும். ஒரு மாத, மூன்று மாதச் செக்கப்பை அங்கே யாரிடம் செய்வது என்பதையும் வரும் முன்பே பேசி வையுங்கள். வேறிடத்தில் செய்த ஆபரேஷனைப் பார்க்கச் சிலர் தயங்குவார்கள்.

கடைசியாக, ஆபரேஷனுக்கு முன் எடுத்த அளவுகள்: கருவிழியின் வளைவு, தடிமன், பழைய பவர். இவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். இருபது முப்பது வருஷம் கழித்துப் புரை வரும்போது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட இந்தப் பழைய அளவுகள் உதவும். லேசர் செய்த கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எந்த நாட்டில் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் லேசர் செய்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள். அதிகக் கிட்டப்பார்வை இருந்தவர்கள் வருஷாவருஷம் விழித்திரையைப் பார்த்துக்கொள்வதை நிறுத்தக் கூடாது. கண்ணாடி போய்விட்டாலும் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது.